தற்செயலாகச் சந்திப்பதற்கான ஏற்பாடு

மே 19, ஞாயிறு. கிராஸ், ஆஸ்திரியா

வந்து சேர்ந்தாயிற்று. மரகதத்தின் பெட்டியில் இருந்த ஊறுகாய் ஜாடி உடையவில்லை. என் முழங்கால்தான் பிடித்துக்கொண்டது.

உடுமலைப்பேட்டை நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்த காலம் முழுக்க, ஷிப்ட் முடிந்ததும் குறிப்பு எழுதி வைப்பேன். அடுத்து வருகிறவன் யாரையும் கேட்காமல் புரிந்துகொள்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது மானேஜர் உத்தரவு. ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. ஆகவே ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மரகதம் என் தங்கை. அவள் கணவர் காலமாகி வெகுகாலம் ஆகிறது. வினோதினி அவளுடைய ஒரே மகள். இந்த ஊரில் சிப் வடிவமைக்கும் கம்பெனியில் வேலை. நான் நாச்சிமுத்து, தாய்மாமன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் அமையவில்லை.

டிராமில் வரும்போது வினோ என் தோளைத் தட்டினாள். “மாமா, மெதுவா. மொத்த டிராமும் நம்மளையே பாக்குது.” மில்லில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. ஸ்பின்னிங் ஓடுகிற சத்தத்தில் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசியே பழகிவிட்டோம். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

மே 20, திங்கள்

குப்பைக்கு ஐந்து நிறத்தில் தொட்டி வைத்திருக்கிறார்கள். தேங்காய் ஓட்டை எதில் போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழ்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து ஏதோ சொன்னார். திட்டு என்று புரிந்தது. திட்டுக்கு மொழி வேண்டியதில்லை.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

மே 21, செவ்வாய்

வந்த காரியத்தை எழுதிவிடுகிறேன். தாராபுரத்தில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஒரே பையன். பையன் ம்யூனிக்கில் வேலை. பெற்றோர் இப்போது அவனோடு இருக்கிறார்கள். ஜாதகம் ஊரிலேயே பார்த்துப் பொருந்திவிட்டது. வருகிற சனிக்கிழமை அவர்கள் குரோஷியாவில் பிளிட்விச் என்ற தேசியப் பூங்காவுக்குப் போகிறார்கள். ஏரிகளும் அருவிகளுமாக இருக்குமாம். நாங்களும் அங்கே போகிறோம். படகுத்துறையில் பதினொரு மணிவாக்கில் தற்செயலாகப் பார்த்துக்கொள்வோம்.

வினோ ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “எனக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆனது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்மா. சொல்லியாச்சுன்னா வரேன். இல்லாட்டி ஏரியும் வேண்டாம், அருவியும் வேண்டாம்.”

“அதெல்லாம் தரகர் அப்பவே சொல்லீட்டாரு கண்ணு” என்றாள் மரகதம், தோசை மாவைக் கலக்கிக்கொண்டே.

தரகர் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவரைத் தடுத்தவளே மரகதம்தான். வினோ என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து குழாயைப் பார்க்கப் போனேன்.

வினோ வேலைக்குப் போன பிறகு கேட்டேன். மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “போன மூணு எடமும் என்னாச்சுன்னு நீங்களே பாத்தீங்கதானுங்ணா? அந்தப் பேச்சை எடுத்ததுமே போனை வெச்சுட்டாங்க. பையன் ஒருக்கா அவளைப் பாத்துட்டான்னா மனசு மாறிருமுங்க. அப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாம். நீங்க வாயத் தொறக்காம இருங்க, அது போதும்.”

சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த முதல் கல்யாணம் சென்னையில் ஒன்றரை வருடம் இருந்தது. அவளை அழைத்துவரப் போனவன் நான். அவள் வலது கையில் மாவுக்கட்டு இருந்ததால் பெட்டியை நான்தான் தூக்கினேன். ரயிலில் இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். அவளால் இடது கையால் பொட்டலத்தைப் பிரிக்க முடியவில்லை. பிரித்துக் கொடுத்தேன்.

மே 23, வியாழன்

மரகதம் மைசூர்பாகு கிண்டினாள். “தற்செயலாப் பாக்கப் போறவங்க கையில எதுக்கு ஸ்வீட்டு?” என்று வினோ கேட்டாள். “வழியில பசிக்குமில்ல” என்று பதில் வந்தது.

இந்தத் தற்செயல் ஏற்பாடு ஊரில் கோயிலில் நடக்கும். இரண்டு குடும்பமும் சாமி கும்பிட வந்ததாகப் பேர். பிராகாரத்தில் எதிரெதிரே வருவார்கள். “அட, நீங்களும் வந்திருக்கீங்களா” என்பார்கள். பேர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, வந்த விஷயத்தை எடுக்கவே கூடாது. மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டே பெண் பையனையும், பையன் பெண்ணையும் பார்த்துவிட வேண்டும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. பார்க்கவே வரவில்லையே! நல்ல ஏற்பாடு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

பையனுக்கு என்ன அடையாளம் என்று தரகரிடம் கேட்டதற்கு, “கண்ணாடி போட்டிருப்பான், அப்பாவுக்கு முன்சொட்டை” என்றார். அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் எங்களுக்குச் சம்பந்திதான். போட்டோவும் அனுப்பினார். பையன் பனிமலை மேல் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

குழாய் சரியாகிவிட்டது.

மே 25, சனி. பிளிட்விச் அருகில் ஒரு விடுதி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் கிளம்பினோம். வினோ கார் ஓட்டினாள். புளிசாதம் கட்டிக்கொண்டோம். மரகதம் பச்சைப் பட்டுக் கட்டியிருந்தாள். காட்டுக்குப் பட்டு எதற்கென்று நான் கேட்கவில்லை.

பூங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் ஒரு ஏரி. அது நிரம்பி வழிந்து கீழே இன்னொரு ஏரியில் விழுகிறது. அதன் வழிசல் அடுத்ததில். இப்படிப் படிப்படியாக மேலிருந்து கீழே வரை ஏரிகள். நடுவில் உள்ள கரைகளை மனிதர்கள் கட்டவில்லையாம். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு பாசியின் மேல் படிந்து படிந்து கல்லாகி, தானே வளர்ந்த அணைகள், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன என்று பலகையில் எழுதியிருந்ததை வினோ படித்துச் சொன்னாள். தண்ணீர் ஒரு இடத்தில் பச்சை, ஒரு இடத்தில் நீலம். அடியில் கிடக்கும் மரக்கிளை வரை தெரிகிறது. மீன்கள் யாருக்கும் பயப்படாமல் கரையோரம் நிற்கின்றன. தண்ணீருக்கு மேலே மரப்பலகை பாவிய நடைபாதை. கைப்பிடி கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் ஒருவர் ஓரம் பார்க்க வேண்டும்.

யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது சட்டம். மரகதத்துக்கு அதுதான் தாங்கவில்லை. “இத்தன தண்ணிய வெச்சுட்டுக் காலுகூட நனைக்கக் கூடாதாமா? நம்ம திருமூர்த்தி மலையா இருந்தா இன்னேரத்துக்கு எண்ணெய் தேச்சுட்டு நூறு பேரு நிப்பாங்க.”

படகுத்துறைக்கு வந்தோம். வரிசையில் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. அப்பாவுக்கு முன்சொட்டை. பையன் கண்ணாடி போட்டிருந்தான். அம்மா சுடிதாரும் அதற்கு மேல் ஸ்வெட்டரும். மரகதம் என் கையை நறுக்கென்று கிள்ளிவிட்டு முன்னே போனாள்.

“அட, தமிழுங்களா?” என்றாள், முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியத்தோடு. நாடகத்தில் சேர்த்திருந்தால் பேர் வாங்கியிருப்பாள்.

“ஆமாங்க! நீங்களுமா! பாத்து எம்புட்டு நாளாச்சு நம்ம ஆளுகள” என்றார் அந்த அம்மாளும். அவர் ஆச்சரியம் இன்னும் நன்றாக இருந்தது. நிஜமான ஆச்சரியம் என்று பிறகுதான் தெரிந்தது.

தாராபுரத்துக்காரர்கள் பேச்சில் மதுரை வாடை அடித்தது. என் காதில் அது விழுந்தது. நூலில் முடிச்சு இருந்தால் விரல் தானாக நிற்கும். இங்கே நின்றது, நான்தான் தள்ளிவிட்டேன். உத்தியோகத்தில் ஊர் ஊராகப் போனவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவும் வழியில்லை. பேர், ஊர் கேட்கக் கூடாது என்பதுதானே ஏற்பாடு.

மைசூர்பாகு டப்பா திறக்கப்பட்டது. பையன் மூன்று எடுத்துக்கொண்டான். “சூப்பரா இருக்கு ஆன்ட்டி” என்றான். மரகதத்தின் முகத்தில் அப்போதே கல்யாண மண்டபம் தெரிந்தது.

வினோ எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். பிறகு அந்த அம்மாளிடம் நேராகவே, “என்னைப் பத்தி எல்லாம் உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க” என்றாள். அந்த அம்மாள் ஒரு கணம் விழித்தார். அப்புறம் மரியாதைக்கு, “சொன்னாங்க தாயி, சொன்னாங்க” என்றார். மரகதம் சொல்லியிருப்பாள், தான் கவனிக்கவில்லை என்று எண்ணியிருப்பார். வினோ சிரித்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு. பல வருடமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. படகு வந்ததும் அந்தப் பையனோடு முன்பக்கம் போய் நின்று, தண்ணீரைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றித் தெரிந்தவர்கள் நடுவில் இருக்கிறோம் என்ற நிம்மதி அவள் நிற்கிற விதத்திலேயே இருந்தது.

எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்த நிம்மதியை நாங்கள் பொய் சொல்லி வாங்கிக் கொடுத்திருந்தோம். நான் அந்த முன்சொட்டைப் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் காதருகே குனிந்து, ரகசியமாகச் சொன்னேன்.

“உங்ககிட்ட மறைக்கக் கூடாதுங்க. எங்க பொண்ணுக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆயி முறிஞ்சு போச்சுங்க. தரகர் உங்ககிட்டச் சொல்லலைங்க. நாங்கதான் சொல்ல வேண்டாம்னுட்டோம். ஆனா தப்பு அவ மேல இல்லீங்க.”

அந்தப் படகு மின்சாரத்தில் ஓடுகிறது. இஞ்சின் சத்தமே கிடையாது. ஏரியில் காற்றுகூட இல்லை. நான் சொல்லி முடித்தபோது படகில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அர்த்தம் புரிந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தி வினோ.

அந்தப் பெரியவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, “பிள்ளை பிழைச்சு வந்துருச்சுல்ல, அது போதும் சார்” என்றார். “ஆனா இதை எதுக்கு சார் எங்கிட்டச் சொல்றீங்க?”

அவர் பேர் தனுஷ்கோடி. அருப்புக்கோட்டை. அந்தப் பையனுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. மருமகள் காலில் கொப்புளம் என்று குழந்தையோடு விடுதியில் தங்கிவிட்டாளாம்.

அதே நேரம் மரகதத்தின் போன் அடித்தது, தரகர்தான். ஏரியின் மறுமுனையில் இன்னொரு படகுத்துறை இருக்கிறது. தாராபுரத்துக்காரர்கள் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

படகு கரையை அணைகிற வரை வினோ திரும்பிப் பார்க்கவில்லை. முதல் ஆளாக இறங்கினாள். அங்கே ஒரு முன்சொட்டை, ஒரு கண்ணாடி, ஒரு பட்டுப்புடவை. அவள் நேராக அந்தப் பட்டுப்புடவை அம்மாளிடம் போனாள்.

“தாராபுரமுங்களா? நான் வினோதினிங்க. எனக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆயி டைவர்ஸ் ஆயிருச்சுங்க. உங்களுக்குச் சொல்லாமயே வரச்சொல்லியிருக்காங்கன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. மன்னிச்சுக்குங்க.”

தற்செயலாக வந்திருந்த அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் அருவிப் பக்கம் பார்த்தார். பையன் மட்டும், “பரவால்லைங்க” என்றான். அவன் நல்லவனாக இருக்கலாம். அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததும் அவனும் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதோடு பிரிந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஆனால் வெளியே போக அந்த ஒரே மரப்பாதைதான். ஏரிகளின் ஓரமாகப் பெரிய அருவி வரை போய் மேலே ஏற வேண்டும். பின்னால் ஒரு பள்ளிக்கூடமே வந்துகொண்டிருந்தது. ஒதுங்கி நிற்கவும் இடமில்லை. முன்னால் அவர்கள் மூன்று பேர், பின்னால் நாங்கள் மூன்று பேர், வரிசையாக நடந்தோம். ஒரு வளைவில் தாராபுரத்து அம்மாள் திரும்பி, “தண்ணி நல்லா உழுகுதுங்க” என்றார். “ஆமாங்க” என்றாள் மரகதம்.

பெரிய அருவி மிக உயரம். சாரல் முகத்தில் அடித்தது. மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சாரல் நின்ற பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

புளிசாதத்தை யாரும் தொடவில்லை.

மே 26, ஞாயிறு

கிராஸ் திரும்பினோம்.

மே 28, செவ்வாய்

தரகர் பேசினார். ஜாதகம் பொருந்தவில்லையாம். ஏற்கெனவே பொருந்திய ஜாதகம்தான். நடுவில் எந்தக் கிரகம் இடம் மாறியது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மரகதம் என்மேல் பாய்ந்தாள். “ஒரே ஒரு வேலைதானுங்ணா உங்ககிட்டச் சொன்னேன். வாயத் தொறக்காதீங்கன்னு. யாரோ எவரோ, அருப்புக்கோட்டைக்காரர்கிட்டப் போயி எம்புள்ள வாழ்க்கையக் கொட்டீட்டு வந்திருக்கீங்க!” நியாயமான கோபம்.

வினோ வேலைக்குப் போகிறாள், வருகிறாள். “சாப்பிட்டீங்களா” என்று கேட்கிறாள். அது பேச்சில் சேராது.

மே 30, வியாழன்

மழை. துணி காயவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மரகதம் குளிக்கப் போயிருந்தாள். வினோ வந்து எதிரே உட்கார்ந்து, இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் நறுக்கிய பிறகு, “படகுல அவருகிட்ட என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க மாமா” என்றாள்.

“எல்லாருக்கும்தான் கேட்டுச்சே கண்ணு.”

“பரவால்ல. சொல்லுங்க.”

சொன்னேன். முன்னாடி ஒரு கல்யாணம் ஆயி முறிஞ்சு போச்சு. தரகர் சொல்லலை. தப்பு அவ மேல இல்ல.

“தப்பு யாரு மேலன்னு அவரு கேட்டாரா?”

“இல்ல.”

“அப்பறம் ஏன் சொன்னீங்க?”

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவளுக்காகப் பரிந்து பேசினேன் என்றுதான் இத்தனை நாள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையே அவளிடமும் சொன்னேன்.

“தெரியும் மாமா. நீங்க என்னை நெனச்சுத்தான் பேசுனீங்க.” அவள் குரல் உயரவில்லை. “என் ஆபீஸ்ல இதைச் சொல்றப்ப ஒரே வரிதான். அவங்களும் அப்படியான்னு கேட்டுட்டு காபி குடிக்கப் போயிருவாங்க. நம்மாளுககிட்ட மட்டும் தப்பு யாரு மேலன்னு ரெண்டாவது வரி வேணும். அம்மா மொத வரியவே முழுங்கப் பாக்கறாங்க. நீங்க ரெண்டாவது வரிய ஒட்ட வெக்கறீங்க. ரெண்டு பேருக்குமே நான் ஏதோ ஒண்ணு பண்ணுன மாதிரிதான இருக்குது?”

“அப்படி இல்ல கண்ணு” என்று ஆரம்பித்தேன். அப்படித்தான் இருந்தது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு ரொம்ப வருத்தமாக இருந்தது. அந்த ரயிலில்கூட ஏன் என்று ஒரு வார்த்தை அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்காதது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

“இனி எனக்கு எடம் பாக்க வேண்டாம் மாமா. வேணும்னா நானே சொல்றேன். அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அழுவாங்க.”

“நான் சொன்னாலும் அழுவா.”

“அழட்டும். நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல.”

பீன்ஸை நறுக்கி முடித்தோம். அவள் நறுக்கியதெல்லாம் ஒரே அளவு.

ஜூன் 3, திங்கள்

மரகதத்திடம் சொன்னேன். அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 6, வியாழன்

மரகதமும் மகளும் கடைக்குப் போய்க் குளிருக்கு ஒரு சால்வை வாங்கி வந்தார்கள். யாருக்கு என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். சாதாரணச் சண்டை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜூன் 8, சனி. விமானத்தில்

காலையில் வினோ வந்து வழியனுப்பினாள். வளைகுடாவில் விமானம் மாறி, இப்போது கோயம்புத்தூர் போகிற விமானத்தில் எழுதுகிறேன்.

நான் ஜன்னலோரம், நடுவில் மரகதம், ஓரத்தில் திருப்பூர்க்காரர் ஒருவர். மகன் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாராம். பெல்ட் போட்டு முடிப்பதற்குள் எங்கள் ஊர், தெரு எல்லாம் விசாரித்துவிட்டார். அடுத்து வர வேண்டியது வந்தது.

“பொண்ணு அங்கயே வேலைங்களா? நல்லதுங்க. கல்யாணம் ஆயிருச்சுங்களா?”

“பாத்துட்டு இருக்கோமுங்க” என்று மரகதம் ஆரம்பித்தாள்.

“ஒரு கல்யாணம் ஆச்சுங்க. முடிஞ்சு போச்சுங்க” என்றேன் நான்.

அவர் “அடடா” என்றார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு மரகதத்தின் முகத்தைப் பார்த்தார். மீதிக்காகக் காத்திருந்தார். அந்த இரண்டாவது வரி என் தொண்டை வரை வந்து நின்றது. இத்தனை சின்ன வரிக்கு இத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மரகதத்துக்குத் தாங்கவில்லை. “ஆனா எம்புள்ள…” என்று வாயெடுத்தாள். அவள் கைமேல் என் கையை வைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு தரம் வாயை மூடித் திறந்து, “எம்புள்ள நல்லாக் காரு ஓட்டுவாளுங்க” என்றாள்.

“அப்படீங்களா” என்றார் திருப்பூர்க்காரர்.

“மலைப்பாதையிலகூட ஓட்டுவாளுங்க” என்றேன் நான்.